யாரோ நிறுத்துகிறார்கள்

மேனாம்பேட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருப்பதை, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் தன் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு சரவணக்குமார் தற்செயலாகத்தான் பார்த்தான்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஏசி. போனிலிருந்தே போடலாம், நிறுத்தலாம், குளிரைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதற்காகவே வாங்கியது. சாயங்காலம் போய்ச் சேரும்போது அறை குளிர்ந்திருக்கட்டும் என்று டைமர் வைப்பதற்காக அன்று மத்தியானம் அந்த ஆப்பைத் திறந்தான். படுக்கையறை ஏசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இருபத்தைந்தில்.

காலையில் அணைக்க மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நிறுத்தினான். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

சரவணனுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு தப்பு கண்ணில் பட்டால் அதன் வேரைப் பிடிக்கும்வரை அவனுக்கு இருப்புக் கொள்ளாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சில ஏசிகள் தானாக ஓட ஆரம்பிக்கும் என்று எங்கோ படித்திருந்தான். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "கரண்ட் போச்சா?" என்று கேட்டான். "இல்லையே, ஏன் சார்?" என்று சங்கச் செயலாளர் வீரராகவன் உடனே பதில் போட்டார். டைமர் எதுவும் வைத்திருக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினான். ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினான். அறை காலையில் விட்டுப்போனபடியே இருந்தது. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மறுநாள் மத்தியானமும் ஏசி ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. சனி ஞாயிறு அவனும் மனைவி பவ்யாவும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் போட்டபோது ஓடியது, நிறுத்தியபோது நின்றது. திங்கட்கிழமை அவன் ஆபீஸுக்கு வந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டது.

மெஷினுக்கு எது ஞாயிறு, எது திங்கள் என்று தெரியாது. அப்படியென்றால், வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள்.

அவனுக்குத் தெரிந்து சாவி இரண்டுதான். ஒன்று அவனிடம், இன்னொன்று பவ்யாவிடம். முன்பு மூன்றாவதாக ஒன்றைச் சமையலுக்கு வந்த ராஜகுமாரியிடம் பவ்யா அவனைக் கேட்காமல் கொடுத்திருந்தாள். அது தெரிந்து அவன் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் வேலையைவிட்டே நின்றுவிட்டாள். அவன் பூட்டையும் மாற்றினான்.

பவ்யாவுக்கு ராமாபுரத்தில் வேலை. கூட வேலை செய்யும் ரோஹித்துக்கு வீடு ஆவடிப் பக்கம். வாரத்தில் சில நாள் அவன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவான். ரோஹித்தை சரவணனுக்கும் தெரியும். அவர்கள் கல்யாணத்துக்கு வந்து, கடைசிப் பந்திவரை நின்று பரிமாறிய பையன். இதுவரை ஒரு நாள்கூட அவனைப் பற்றித் தப்பாக நினைத்ததில்லை. இப்போது அந்தக் கார் எத்தனை மணிக்குத் தெருமுனைக்கு வரும் என்று யோசித்தான். மத்தியானமும் வருமோ என்று யோசித்தான். யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்தான். ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

அவளிடம் கேட்டிருக்கலாம். 'மத்தியானம் நம்ம வீட்ல ஏசி ஓடுதே, உனக்கு ஏதாவது தெரியுமா?' அவ்வளவுதான். மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. அதனால் வேறு ஒன்றைக் கேட்டான்.

"இன்னைக்கு ஆபீஸ்லேர்ந்து எப்ப கெளம்புன?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"சும்மாதான்."

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு ஏசியை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் ஓடியது. நிறுத்தினான். ஓடியது. குளிரைக் குறைத்து முப்பதில் வைத்தான். இருபத்தைந்துக்கு இறங்கியது. அந்த எண் மாறும்போதெல்லாம் ரிமோட்டை எடுக்கும் ஒரு கை அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கை மட்டும்தான் தெரிந்தது, அதற்குரிய ஆள் தெரியவில்லை.

"சரவணன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டீம் லீடர் அருள்மொழி கேட்டாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றான். எது என்று அவனுக்குத் தெரியாது.

புதன்கிழமை அவன் வேலையே செய்யவில்லை. அங்கே ஓட ஓட இங்கே நிறுத்தினான். கடைசியில் ஏசி நின்றது நின்றதுதான். மறுபடி யாரும் போடவில்லை. ஜெயித்துவிட்டது போல இருந்தது. உடனே, இப்போது உள்ளே இருப்பவர்கள் கிளம்பியிருப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்குவார்கள் என்று தோன்றியது. கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்து வந்தான்.

அன்று சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே பவ்யா கேட்டாள்.

"சரவணா, நம்ம ஏசி நடுநடுவுல நின்னுபோகுதா?"

வாய்க்குக் கொண்டுபோன துண்டு அப்படியே நின்றது. "எப்ப?"

"எப்பன்னு இல்ல. பொதுவா கேட்டேன்."

"ராத்திரி பூரா நல்லாத்தானே ஓடுது? நின்னுபோகுதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. புது மெஷினாச்சேன்னு கேட்டேன்." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசையைத் திருப்ப இன்னும் நேரம் இருந்தது. அவள் திருப்பினாள். அது கிழிந்தது.

அதற்குமேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் பல்வலி என்று அருள்மொழியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினான். கத்திரி வெயில். ஸ்கூட்டர் சீட்டில் உட்கார முடியவில்லை. கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தான். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதைத் தொடவில்லை. உள்ளே போனதும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் தேடினான். வார்த்தை எதுவும் அகப்படவில்லை. வெறும் கத்தல்தான் தொண்டையில் இருந்தது.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. வாசலில் தூசி படிந்த பெரிய ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. பக்கத்தில் தேய்ந்துபோன பெண் செருப்பு. உள்ளேயிருந்து ஆண் குரல் கேட்டது. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. தள்ளிக்கொண்டு நேராகப் படுக்கையறைக்குப் போனான்.

ஸ்டூல்மேல் ஒருவன் ஏறி நின்றிருந்தான். ஏசியின் முன்மூடி கழற்றப்பட்டு மெத்தைமேல் கிடந்தது. தரையில் ஒரு பாய், சிறிய தலையணை, மடித்த போர்வை. பாயின் ஓரத்தில் நைட்டியின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு மூன்றாவது மாடி ஆக்னஸ் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து உப்பியிருந்தன.

"இன்னா சார், ஊட்டுக்காரரா?" என்று ஸ்டூல்மேல் இருந்தவன் திரும்பிச் சிரித்தான். "வாங்க சார். பெனிட்டோ, ஏசி மெக்கானிக். அக்கா கூப்ட்டாங்க."

சரவணன் பாயையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பவ்யா சொல்லலியா தம்பி?" என்றாள் ஆக்னஸ். உடனே அவளே, "சொல்லியிருக்க மாட்டா. நான்தான் சொல்லாதேன்னேன்" என்றாள்.

ஆக்னஸ் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோடை ஆரம்பித்ததிலிருந்து நைட் டூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். அவளும் அவள் கணவர் கிறிஸ்துராஜும் குடியிருப்பது கடைசி மாடி. தலைக்குமேல் மொட்டை மாடிதான். வாடகை வீடு. வயரிங் தாங்காது என்று வீட்டுக்காரர் ஏசி போட விடவில்லை. ஒரு நாள் காலையில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்த பவ்யா, சாவிக்கு நகல் எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தாள். இதையெல்லாம் ஆக்னஸ் அவசர அவசரமாக, பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். மெத்தையை ஒரு நாளும் தொட்டதில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. இந்த வாரம்தான் என்னமோ ஆயிப்போச்சு. கண்ணசந்தா போதும், நின்னுடுது. எழுந்து போட்டா மறுபடி நிக்குது. ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திப் பாத்தேன். ஃபில்டர் வலையக் கழுவிப் போட்டேன். மெயின் சுவிட்ச அமத்திட்டுப் போட்டேன். நேத்து முடியாம மேலயே போயிட்டேன். நான் வந்து உங்க புது மெஷின கெடுத்துட்டேன்னு பயமாயிடுச்சு. அதான் இந்தத் தம்பிய வரச்சொன்னேன்."

"மெஷின்ல ஒண்ணியும் இல்ல சார்" என்றான் பெனிட்டோ. "கேஸ் கரெக்டா கீது, சென்சார் கரெக்டா கீது. நானும் வந்ததுலேர்ந்து பாத்துகினே கீறேன், ஒரு வாட்டிகூட நிக்கல. போர்டுதான் டவுட்டு. கய்ட்டிகினு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"கழட்டிட்டுப் போப்பா. ஆகுற செலவு என்னுது" என்றாள் ஆக்னஸ்.

பெனிட்டோ திருப்புளியை எடுத்தான். சரவணன் அந்த நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் போர்டு போயிருக்கும், பழியும் அதோடு போயிருக்கும். அவன் அதை நினைத்தும் பார்த்தான்.

"கழட்ட வேணாம். நான்தான் நிறுத்துனேன்" என்றான்.

"இன்னா சார்?"

"ஆபீஸ்லேர்ந்து. போன்ல."

பெனிட்டோ வாய்விட்டுச் சிரித்தான். "அட இன்னா சார் நீங்க! நான் ஒரு மெஷினையே பிரிச்சிப் போட்டுட்டேன்!"

ஆக்னஸ் சிரிக்கவில்லை. "எதுக்கு தம்பி?"

"உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணுச்சு."

"யாரோன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். ஆக்னஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த குற்ற உணர்ச்சி மெல்ல விலகிப்போவது தெரிந்தது. பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சாவியை ஃபிரிட்ஜ்மேல் வைத்தாள். "மூடியப் போட்டுட்டு வாப்பா" என்று பெனிட்டோவிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

பவ்யா வீடு வந்து சேர்வதற்குள் ஆக்னஸ் அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். பவ்யா பையைக்கூடக் கீழே வைக்காமல் நடுக்கூடத்தில் நின்றாள்.

"நான்னு நெனச்சியா?"

"பவ்யா..."

"நான் எவனையோ கூட்டிட்டு வந்து இங்க வெச்சிருக்கேன்னு நெனச்ச. அப்படித்தானே?"

"நீயும்தானே எங்கிட்ட மறைச்ச? சாவி குடுத்தத சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?"

"ஆமா, மறைச்சேன். ராஜகுமாரிய நீ பேசுன பேச்சுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஆக்னஸ் அக்காவையும் அப்படிப் பேசுவேன்னு பயந்தேன். நான் மறைச்சது ஒரு பாயும் தலகாணியும். நீ மறைச்சது என்னன்னு தெரியுதா? இத்தன நாளா மனசுல அத வெச்சிக்கிட்டு நான் ஊத்துன தோசைய சாப்பிட்டிருக்க."

அவன் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நேத்து டூட்டில அக்கா நின்னுக்கிட்டே தூங்கியிருக்காங்க. ஒரு பெட்டுக்குப் போட வேண்டிய ஊசிய அடுத்த பெட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. கூட இருந்த பொண்ணு கையப் புடிச்சிருக்கா. இல்லன்னா என்ன ஆயிருக்கும்? நீ அங்க உக்காந்து பட்டன அமுக்கிட்டிருந்த."

அதோடு பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து பவ்யா ஹாலில் படுத்தாள். ஏசியைப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை. தனியாகப் போட்டுக்கொள்ள அவனுக்கும் மனசு வரவில்லை. இருவரும் இரண்டு ஃபேனுக்கடியில் புரண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் மாடி ஏறிப் போனான். கிறிஸ்துராஜ் கதவைத் திறந்தார். உள்ளே காலை வைத்ததும் இஸ்திரி போடும் கடைக்குள் நுழைந்தது போல இருந்தது. ஜன்னலில் ஈரப் புடவை கட்டியிருந்தார்கள். அது காய்ந்துபோயிருந்தது. ஃபேன் மேலே இருந்த சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஆக்னஸ் வெறுந்தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. கீழ வந்து படுத்துக்கங்க. சாவி கொண்டு வந்திருக்கேன்."

"வேணாம் தம்பி."

"இனிமே நிறுத்த மாட்டேன். ஆப்பையே அழிச்சிடறேன்."

"நீ அழிச்சாலும் எனக்கு அங்க தூக்கம் வராது. கண்ண மூடுனா, யாராவது நிறுத்திடுவாங்களோன்னே இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "நீ போ. வெய்யில்ல நிக்காதே."

படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தொட்டான். சுட்டது, கையை எடுத்துக்கொண்டான். கீழே வந்ததும் பெனிட்டோவுக்குப் போன் செய்து, அந்த வீட்டுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டான்.

"அந்த வயருக்கு ஏசி போட்டா பத்திக்கும் சார்" என்றான் பெனிட்டோ. "போட்டாலும் தெணறும். மொட்ட மாடி நாள் பூரா வெய்யில வாங்கி வெச்சிக்கிது, அப்பால உள்ளாற உடுது. மொதல்ல மேல வெள்ள பெயிண்ட் அடிங்க. வெய்யில திருப்பி அனுப்புற பெயிண்ட்டு கடைல கெடைக்குது. ஏசி அளவுக்குச் சொல்ல மாட்டேன். ஆனா படுக்கலாம்."

வீரராகவனிடம் அனுமதி வாங்கினான். சாயங்காலமே மொட்டை மாடியைப் பெருக்கி, பாசியைத் தேய்த்து, கழுவிவிட்டான். ஞாயிறு விடிந்ததும் பெயிண்ட் டப்பாக்களோடு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மூலையிலிருந்து ரோலரைத் தேய்க்க ஆரம்பித்தான். தனி ஆளாக நின்று தள்ளிக்கொண்டிருந்தபோது படிக்கட்டுக் கதவு திறந்தது. பவ்யா. பழைய சுடிதார், தலையில் துண்டு. ஒரு டப்பாவையும் பெரிய பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போய்க் குனிந்தாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு அடித்தார்கள்.

வெயில் ஏறியபோது கீழேயிருந்து குரல் வந்தது. டூட்டி முடிந்து வந்த ஆக்னஸ் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"யாரது மேல? தம்தம்முனு! மனுஷி தூங்க வேணாமா?"

இருவரும் அப்படியே உறைந்து நின்றார்கள். பவ்யா உதட்டின்மேல் விரலை வைத்தாள். போதும் என்று சைகை காட்டிவிட்டு, கதவுக்குப் போகத் திரும்பியவள் நின்றுவிட்டாள். கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் முழுக்க ஈரப் பெயிண்ட்.

"நீ கதவுலேர்ந்தா அடிச்சிட்டு வந்த?" என்று கிசுகிசுத்தான்.

"நீ எங்கேர்ந்து அடிக்கிறேன்னு சொன்னியா?"

தொட்டியின் நிழல் ஒருவர் உட்காரத்தான் போதும். இருவரும் முழங்காலை மடக்கிக்கொண்டு அதில் ஒடுங்கினார்கள். காய வெகுநேரம் ஆகும்போலிருந்தது. வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைத்தது. 

"யாருன்னு நெனச்ச?" என்றாள் பவ்யா. "ஆள் பேரு சொல்லு."

"வேணாம்."

"சொல்லு."

"ரோஹித்."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் இருந்தது. "அவன் எனக்கு லிஃப்ட் குடுக்குறதே, வழியெல்லாம் தன் லவ்வப் பத்திப் பேச ஒரு ஆள் வேணும்னுதான். காதே வலிக்கும் எனக்கு."

"எனக்குத் தெரியாது."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." மூக்கைத் துண்டில் துடைத்தாள். "இன்னொரு தடவ இந்த மாதிரி நெனப்பு வந்தா என்ன பண்ணுவ?"

"உங்கிட்ட கேப்பேன்."

"கேட்டா எனக்குக் கோவம் வரும்."

"வரட்டும்."

 நிழல் நகர்ந்தபோது அவள் அவனுக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது கோட்டிங்கை ஆக்னஸுக்கு வார விடுமுறை வந்த நாளில் அடித்தார்கள். அன்று கிறிஸ்துராஜும் சேர்ந்துகொண்டார். வீடு குளிர்ந்துவிடவில்லை. ஆனால் சுவரில் கை வைக்க முடிந்தது. ஃபேனுக்கடியில் அவள் சாயங்காலம்வரை தூங்குகிறாள் என்று கிறிஸ்துராஜ் படியில் பார்த்தபோது சொன்னார். கீழே படுக்க அவள் திரும்ப வரவே இல்லை. சரவணனைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். பவ்யா வீட்டில் இருந்தால் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவாள்.

பவ்யா படுக்கையறைக்குத் திரும்பினாள். முன்பு போல எல்லாம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில மத்தியானங்களில் அவனுக்குக் காரணமே இல்லாமல் அந்தச் சந்தேகத்தின் நமைச்சல் வரும். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவுக்கு எழுந்து போவான். பவ்யாவைக் கூப்பிடுவான்.

"என்ன, இன்னைக்கும் வந்துடுச்சா?" என்பாள் அவள்.

"வந்துடுச்சு."

"நான் ஆபீஸ்லதான் இருக்கேன். எனக்கு இப்ப கோவமா வருது. போய் வேலையப் பாரு."

அவன் போய் உட்காருவான்.